பிளாக் வாட்ச் ரெஜிமென்ட்டின் ஓராண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தில் பெர்த், டண்டீ, ஃபைஃப், ஆங்கஸ் பகுதிகளின் ரெஜிமென்ட் பிளாக் வாட்ச். அந்த ஊர்களுக்குப் போகிறவர்களும், ஸ்காட்டிஷ் ராணுவ மரபில் ஆர்வம் உள்ளவர்களும், குடும்பத்தில் யாரோ அதில் பணியாற்றியதாகக் கேள்விப்பட்டுத் தேடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள். போர்களின் முழு வரலாறு இதில் இல்லை. ரெஜிமென்ட் எப்படி வாழ்கிறது, எந்த மாதத்தில் என்ன செய்கிறது என்பதே பேச்சு.

2006இல் கலைத்துவிட்டார்கள் என்கிறார்களே, பிளாக் வாட்ச் இன்னும் இருக்கிறதா?

தனி ரெஜிமென்ட்டாக இல்லை, பெரிய ரெஜிமென்ட் ஒன்றின் உட்பிரிவான பட்டாலியனாக இருக்கிறது. 2006 மார்ச் 28 அன்று, ஸ்காட்ஸ் கார்ட்ஸ் தவிர, ஸ்காட்லாந்தின் காலாட்படை ரெஜிமென்ட்கள் எல்லாவற்றையும் சேர்த்து ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்து என்று ஒன்றாக்கினார்கள். பிளாக் வாட்ச் அதன் 3ஆவது பட்டாலியன். முறையாக எழுதும்போது பழைய பெயர்தான் முதலில் வரும், பட்டாலியன் எண் அதற்குப் பின்னால். இணைப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கிய ஊர்க்காரர்களுக்கும் பழைய சிப்பாய்களுக்கும் மிஞ்சிய ஆறுதல்களில் அந்த வரிசையும் ஒன்று.

அருங்காட்சியகம், முன்னாள் வீரர் சங்கம், தொப்பியில் சிவப்பு இறகு ஆகியவை அப்படியே தொடர்கின்றன. ஆகவே, "பிளாக் வாட்ச் நிகழ்ச்சி" என்று அறிவிப்பு வந்தால், அதை நடத்துவது பட்டாலியனா, சங்கமா, அருங்காட்சியகமா என்று முதலில் பாருங்கள். மூன்றும் வெவ்வேறு அமைப்புகள், வெவ்வேறு முகவரிகள்.

எங்கே தொடங்கியது?

ஹைலேண்ட் மலைப்பகுதியைக் கண்காணிக்க 1725இல் கம்பெனி எனப்படும் தனித்தனிச் சிறு படைகளாகத் திரட்டினார்கள். 1739இல் அவற்றை ரெஜிமென்ட்டாக்க உத்தரவு வந்தது. 1740 மே மாதம் டே ஆற்றங்கரையில், அபர்ஃபெல்டி என்ற சிற்றூரில் முதன்முறையாக முழு ரெஜிமென்ட்டும் அணிவகுத்து நின்றது.

அந்த இடத்தில், ஜெனரல் வேட் கட்டிய பழைய கல்பாலத்துக்குப் பக்கத்தில், 1887இல் எழுப்பிய நினைவுச் சின்னம் நிற்கிறது. உச்சியில் இருக்கும் சிப்பாய் உருவம் ஃபார்க்கர் ஷா. 1743இல் ரெஜிமென்ட்டை லண்டனுக்கு நடத்திச் சென்றபோது, நம்மை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று வதந்தி பரவியது. நூறு பேருக்கு மேல் ஊர் திரும்பக் கிளம்பிப் பிடிபட்டார்கள். மூன்று பேரை லண்டன் டவரில் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் ஒருவர்தான் இந்த ஷா. தளபதிகளை எல்லாம் விட்டுவிட்டு, கலகம் செய்தான் என்று சுடப்பட்டவனைத் தன் நினைவுத் தூணின் மேல் நிறுத்தியிருக்கிற ரெஜிமென்ட் இது. அபர்ஃபெல்டிக்குப் போனால் அண்ணாந்து பார்க்காமல் வராதீர்கள்.

எந்த மாதத்தில் என்ன நடக்கும்?

ஜனவரி முதல் வாரத்தில் தொப்பியின் சிவப்பு இறகைக் கொண்டாடும் ரெட் ஹேக்கிள் நாள், 25ஆம் தேதியை ஒட்டி கவிஞர் பர்ன்ஸின் நினைவு விருந்து. பிப்ரவரி, மார்ச்சில் பொதுமக்கள் கண்ணில் படும்படி ஒன்றும் இருக்காது. அது பயிற்சிக் காலம், மலையில் பனி இருக்கிற காலம்.

ஜூன் மாதத்தில் நினைவு நாட்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். 12ஆம் தேதி, 1940இல் 51ஆவது ஹைலேண்ட் டிவிஷன் பிரான்சின் சான் வலேரியில் சரணடைந்த நாள். 16ஆம் தேதி, 1815 காத்ர் ப்ரா போர். 18, வாட்டர்லூ. கடைசிச் சனிக்கிழமை பிரிட்டன் முழுவதும் ஆயுதப்படை நாள். ஜூன் கடைசியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ மன்னர் எடின்பரோவின் ஹோலிரூட் அரண்மனையில் ஒரு வாரம் தங்குவார். காவல் மரியாதைகள் அப்போது நடக்கும்.

ஆகஸ்டில் எடின்பரோ டாட்டூ என்ற ராணுவ இசை அணிவகுப்புக் காட்சி. மன்னர் பால்மோரலுக்கு வரும்போது கோட்டை வாயிலில் அணிவகுப்பு மரியாதை. செப்டம்பர் முதல் சனிக்கிழமை பிரேமர் ஹைலேண்ட் விளையாட்டுகள். அங்கே முப்படைகளுக்கிடையே நடக்கும் கயிறிழுப்பைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும். செப்டம்பர் 25 லூஸ் போர் நாள், அக்டோபர் 23 எல் அலமெய்ன், நவம்பரில் நினைவு ஞாயிறு, 30ஆம் தேதி புனித ஆண்ட்ரூ நாள்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுப்புக்கு முன் ஒரு நாள் அதிகாரிகளும் சார்ஜென்ட்களும் சிப்பாய்களுக்குப் பரிமாறுவார்கள். அன்று காலை ரம் கலந்த தேநீரைப் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்தத் தேநீருக்குப் பெயர் 'கன்ஃபயர்'. ஆனாலும் ஸ்காட்டிஷ் ரெஜிமென்ட்களில் பெரிய பண்டிகை என்றால் வருடக் கடைசி இரவான ஹாக்மனேதான். ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானதே 1958இல்தான்.

இவை எல்லாவற்றுக்கும் மேல் ஒரு நிபந்தனை உண்டு. பட்டாலியன் வெளிநாட்டுப் பணியில் இருந்தால் தேதி நகரும், அல்லது நிகழ்ச்சியே நடக்காது. அந்த வருடங்களில் நாளைக் காப்பாற்றுவது ஊர்ச் சங்கக் கிளைகளும் கிழவர்களும்தான். போன வருடத் தேதியை நம்பி ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள்.

தொப்பியில் இருக்கும் சிவப்பு இறகுக்கு என்ன கதை?

ஹேக்கிள் என்று பெயர். 1795 ஜனவரித் தொடக்கத்தில், ஹாலந்தில் கெல்டர்மால்சன் என்ற ஊரில், குதிரைப்படை விட்டுவிட்டுப் பின்வாங்கிய பீரங்கிகளை இந்த ரெஜிமென்ட் மீட்டது, அதற்காக வழங்கியது இந்த இறகு என்பது மரபு. அந்த வருடம் ஜூன் 4, மன்னர் பிறந்தநாளன்று, இங்கிலாந்தின் ராய்ஸ்டனில் அணிவகுப்பில் வைத்து வழங்கினார்கள். இறகு அந்தச் செயலுக்குத்தான் கிடைத்தது என்பதற்கு எழுத்துச் சான்று கெட்டியாக இல்லை. ஆனால் 1822இல், சிவப்பு இறகு இந்த ரெஜிமென்ட்டுக்கு மட்டுமே உரியது என்று வந்த ராணுவ ஆணை இருக்கிறது. உரிமை அதிலிருந்து உறுதி.

இன்று ஒவ்வொரு பட்டாலியனுக்கும் ஒரு நிறம். 2ஆவதற்கு வெள்ளை, 3ஆவதான பிளாக் வாட்ச்சுக்குச் சிவப்பு, 4ஆவதற்கு நீலம், பழைய ஆர்கைல் ரெஜிமென்ட் வழிவந்த பாலக்லாவா கம்பெனிக்குப் பச்சை, ரிசர்வ் பட்டாலியன்களான 6ஆவதற்குச் சாம்பல், 7ஆவதற்கு ஊதா. கூட்டத்தில் யார் எந்த பட்டாலியன் என்று தெரிந்துகொள்ள முகத்தைப் பார்க்க வேண்டாம், தொப்பியைப் பார்த்தால் போதும்.

இறகுக்கு எதிரி மழை. நனைந்தால் இழைகள் ஒட்டிக்கொண்டு எலிவால் மாதிரி ஆகிவிடும். துடைத்தால் இன்னும் மோசமாகும். உதறி, தானாகக் காயவிட்டு, பிறகு கெட்டில் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆவி காட்டி, விரலால் அடியிலிருந்து நுனிக்கு நீவினால் மறுபடி விரியும். கிட்டே பிடித்தால் தண்டை ஒட்டியிருக்கும் பசை இளகி இறகு கழன்றுவிடும். பையில் போடும்போது உருளை உறைக்குள் நுனி மேலே இருக்கும்படி வைக்க வேண்டும்.

கில்ட்டை எப்படிப் பராமரிக்கிறார்கள்?

கில்ட் என்பது ஸ்காட்டிஷ் ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கட்டம்போட்ட மடிப்புப் பாவாடை. ராணுவ கில்ட் ஒன்றுக்குக் கம்பளித் துணி சுமார் 8 கெஜம் போகும். அதில் பெரும்பகுதி பின்பக்க மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும், முன்பக்கம் மட்டும் தட்டையாக இருக்கும். அதனால்தான் எடை. மழையில் நனைந்தால் அது இரட்டிப்பானது போலத் தோன்றும், ஓரம் முழங்காலின் பின்பக்கத்தை அறுக்கும்.

நீளம் சரியா என்று பார்க்க ஒரே வழி: மண்டியிட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். ஓரம் தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே நின்றால் சரி. புதியவர்கள் செய்யும் தவறு, கால்சட்டை போல இடுப்பெலும்பில் கட்டுவது. கில்ட் கட்டவேண்டிய இடம் தொப்புள் உயரம். கீழே கட்டினால் நீளம் முழங்காலைத் தாண்டும், பின்மடிப்பு வாய் பிளக்கும்.

இஸ்திரி போடுவதற்கு முன் ஒவ்வொரு மடிப்பையும் ஓரத்தில் நீளத் தையலாக, வெள்ளை நூலில் தொங்குதையல் போட்டு நிறுத்த வேண்டும். அதன்பின் ஈரத்துணி விரித்து, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். இழுத்தால் மடிப்பு சாய்ந்துவிடும், கட்டம் கட்டத்தோடு சேராது. முழுதாக ஆறியபின்தான் தையலைப் பிரிக்க வேண்டும். இந்த அவசரத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பயணத்துக்கு மடித்து வைப்பது கூடாது. மடிப்புகளை நேராக்கி நீளவாக்கில் சுருட்டி, ஒரு பழைய காலுறைக்குள் நுழைத்துவிடுவார்கள். உட்காரும்போது இரண்டு கையாலும் பின்மடிப்பைத் தடவி ஒதுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். புடவை கட்டிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

உள்ளே எதுவும் போடுவதில்லை என்பது உண்மையா?

மரபு அதுதான். நடனப் போட்டிக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் போட்டே ஆக வேண்டும். விழாவில் சிப்பாயிடம் இதைக் கேட்காதீர்கள். அன்றைக்கு அவரிடம் அதைக் கேட்கும் முதல் ஆள் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

பேக்பைப் வாசிப்பவர்கள் முழுநேர இசைக்காரர்களா?

இல்லை. பேக்பைப்பும் முரசும் வாசிக்கும் பைப்ஸ் அண்ட் டிரம்ஸ் குழுவில் இருப்பவர்கள் முதலில் சிப்பாய்கள். போருக்குப் போனால் இயந்திரத் துப்பாக்கி போன்ற வேறு பொறுப்பு அவர்களுக்கு இருக்கும். இந்தக் குழுவை நடத்தும் பைப் மேஜர், டிரம் மேஜர் ஆகிறவர்கள் எடின்பரோவில் இருக்கும் ராணுவ பேக்பைப் பள்ளியில் தேர்ச்சி பெற வேண்டும்.

அன்றாட முகாம் வாழ்க்கையை நடத்துவதும் பைப்தான். எழுப்புவதற்கு ஒரு மெட்டு, சாப்பாட்டுக்கு ஒன்று, விளக்கணைக்க ஒன்று. ஹைலேண்ட் ரெஜிமென்ட்களில் காலையில் எழுப்பும் மெட்டு 'ஜானி கோப்'. இரவு வாசிக்கும் 'ஸ்லீப் டியரி ஸ்லீப்' 2022இல் ராணி எலிசபெத்தின் இறுதிச் சடங்கில் ஒலித்ததால் உலகமே கேட்டது.

அணிவகுப்பில் பைப் சுருதி தப்புவது ஏன்?

பெரும்பாலும் குளிரும் ஈரமும். பையில் ஒரே சுரத்தில் விடாமல் ஒலிக்கும் மூன்று டிரோன் குழல்கள், இரண்டு டெனர், ஒரு பேஸ். விரல் ஓட்டும் குழலுக்கு சான்டர் என்று பெயர், அதில் ஒன்பது சுரம்தான். டிரோனுக்கு ஒன்று வீதம் மூன்று, சான்டருக்கு ஒன்று, ஆக அதிர்ந்து ஒலி எழுப்பும் நான்கு ரீடுகள். குளிர்ந்த சான்டர் சுருதி இறங்கி நிற்கும், வாசிக்க வாசிக்க மூச்சின் சூட்டில் ஏறும். எனவே அணிவகுப்புக்கு இருபது நிமிடம் முன்பே வாசித்துச் சூடேற்றி, அதற்குப் பிறகுதான் டிரோன்களைச் சேர்க்க வேண்டும். சூடேறுமுன் சேர்த்த சுருதி தெருமுனை திரும்புவதற்குள் கலைந்துவிடும். சேர்த்த பிறகு சிறப்பு விருந்தினரின் பேச்சு நீண்டு, பைப்பர்கள் கால் மணி நேரம் குளிரில் சும்மா நின்றாலும் அதே கதிதான். கேட்பவர்கள் பைப்பரைத் திட்டுவார்கள், குற்றவாளி மைக்கின் முன்னால் நிற்பார்.

டிரோன்களின் இணைப்புகளில் மெழுகு தோய்த்த சணல்நூல் சுற்றியிருக்கும். வெயிலில் மரம் சுருங்கினால் இணைப்பு தளர்ந்து, டிரோனின் மேல்பகுதி நடைநடுவில் கீழே விழும். நூல் இரண்டு சுற்று கூடினாலோ திருகவே வராது. ஆப்பிரிக்கக் கருமரத்தில் செய்த குழலைப் பனியிலிருந்து நேராகச் சூடான அறைக்குள் கொண்டுபோனால் விரிசல் விடும்.

தொடங்குவதும் ஒரு கலை. டிரம் இரண்டு முறை மூன்றடி ரோல் போடும். இரண்டாவது ரோலில் பையைத் தட்டி டிரோனை எழுப்பி, 'ஈ' சுரத்தில் நின்று, அடுத்த அடியில் எல்லாரும் ஒன்றாக மெட்டுக்குள் நுழைய வேண்டும். ஒருவர் முந்திவிட்டால் அந்தத் தனிச் சுரம் தெரு முழுக்கக் கேட்கும். நிறுத்தும்போது ஒரு பை மட்டும் முனகிக்கொண்டே அடங்குவதும் அப்படித்தான்.

'ஃபிளவர்ஸ் ஆஃப் த ஃபாரஸ்ட்' என்ற இரங்கல் மெட்டை மட்டும் பயிற்சிக்காகக்கூட வெளியில் பைப்பில் வாசிக்க மாட்டார்கள். பயிற்சிச் சான்டரில் மெதுவாகப் பழகிக்கொள்வார்கள். பைப்பில் அது ஒலித்தால் துக்கம் என்று பொருள்.

பர்ன்ஸ் விருந்து எந்த வரிசையில் நடக்கும்?

கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தது 1759 ஜனவரி 25. முதலில் 'செல்கர்க் கிரேஸ்' என்ற சிறு வேண்டுதல், பிறகு கோழியும் லீக்கும் போட்ட சூப். அடுத்து எல்லாரும் எழுந்து நிற்க, பைப்பர் முன்னே நடக்க, சமையல்காரர் ஹேகிஸைத் தட்டில் ஏந்தி வருவார். ஒருவர் பர்ன்ஸின் ஹேகிஸ் கவிதையைச் சொல்லி, உரிய வரியில் கத்தியால் அதைக் கீறுவார். டர்னிப், உருளைக்கிழங்கு மசியலோடு சாப்பாடு. அதன்பின் பர்ன்ஸ் நினைவுரை, பெண்களைச் சீண்டும் பேச்சு, அதற்குப் பெண்களின் பதிலடி, கடைசியில் 'ஆல்ட் லாங் சைன்'.

ஹேகிஸ் என்பது ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலைக் கொத்தி, ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம், மிளகு சேர்த்து இரைப்பைத் தோலில் அடைத்தது. குடலும் ஈரலும் சமைக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. உப்பும் காரமும் குறைவு என்பதுதான் குறையாகப் படும். தலைக்கு 150 முதல் 200 கிராம் போதும், ஓட்ஸ் வயிற்றை நிரப்பிவிடும். கடையில் வாங்குவது ஏற்கெனவே வெந்தது, உள்வரை சூடேற்றுவதுதான் வேலை. தளதளவென்று கொதித்தால் தோல் வெடித்து எல்லாம் தண்ணீரில் கலந்துவிடும். அலுமினியத் தாளில் சுற்றி, கொதிக்கவிடாமல் சிறுதீயில், அரைக் கிலோவுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டும்.

அடிக்கடி நேரும் அவமானம், கவிதை சொல்பவர் கத்தியை ஓங்கிக் குத்தும்போது சூடான கொழுப்பு எதிரே இருப்பவர் சட்டையில் பீய்ச்சுவது. விவரம் தெரிந்த சமையல்காரர் சமையலறையிலேயே தோலில் ஒரு சின்னக் கீறல் போட்டு அனுப்புவார். இன்னொன்று, கடைசிப் பாட்டில் ஆரம்பம் முதலே கைகளைக் குறுக்கே கோத்துக்கொள்வது. கோக்க வேண்டியது கடைசிச் சரணத்தில்தான்.

அதிகாரிகள் மெஸ்ஸில் பைப்பருக்கு விஸ்கி கொடுப்பது என்ன சடங்கு?

சாப்பாடு முடிந்ததும் பைப்பர்கள் மேசையைச் சுற்றி நடந்து வாசிப்பார்கள். அணிநடை, பிறகு ஸ்ட்ராத்ஸ்பே, ரீல் என்ற நடன மெட்டுகள் என்பது வழக்கமான வரிசை. முடிந்ததும் பைப் மேஜர் தலைமை வகிப்பவர் பக்கத்தில் வந்து நிற்பார். இரண்டு காதுள்ள தட்டையான க்வெய்க் கிண்ணத்தில் விஸ்கி வரும். பைப் மேஜர் ஹைலேண்ட் பகுதியின் கேலிக் மொழியில் நலம் வாழ்த்தி, ஒரே மூச்சில் குடித்து, காலி என்று காட்டக் கிண்ணத்தைக் கவிழ்ப்பார். விருந்தினர் அப்போது பேசிக்கொண்டிருப்பது பெரிய மரியாதைக் குறைவு. தாழ்ந்த கூரையுள்ள அறையில் ஆறு பைப் ஒலிக்கும்போது பேசினாலும் கேட்காது என்பது வேறு விஷயம்.

போர்க் கைதி முகாமில் உருவான நடனம் என்றால் எது?

'51ஆவது டிவிஷனின் ரீல்'. சான் வலேரியில் பிடிபட்ட ஸ்காட்டிஷ் அதிகாரிகள் 1940இல் பவேரியாவின் லாஃபன் முகாமில் உருவாக்கியது. நடுவில் ஆடுபவர்கள் மூலையில் இருப்பவர்களோடு கைகோத்துக் குறுக்காக நிற்கும் கணத்தில் புனித ஆண்ட்ரூவின் பெருக்கல் குறிச் சிலுவை தெரியும். இன்றும் ரெஜிமென்ட் நடன இரவுகளில் தவறாமல் ஆடுவார்கள். இளம் அதிகாரிகளுக்கு ரீல் தெரிந்திருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். தெரியாதவரை விடியற்காலையில் பைப்பரை வைத்துப் பழக்குவார்கள்.

விருந்தினராகப் போகிறவர்கள் கவனிக்க: அந்தச் சிலுவையில் எல்லாரும் தோற்பது கையை நீட்டாததால். முழங்கையை மடக்கினால் குறுக்குக்கோடு வளைந்துவிடும். அடியெடுத்து வைக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சரியான நேரத்தில் சரியான இடத்தில் நின்றால் போதும்.

நவம்பர் நினைவு நிகழ்ச்சிக்கு வெளியாள் போகலாமா? எப்படி நடந்துகொள்வது?

தாராளமாகப் போகலாம். நவம்பர் இரண்டாம் ஞாயிறு, ஊர்தோறும் நினைவுத் தூணில். 10:40க்குள் போய்விடுங்கள், 10:55க்குப் பிறகு கூட்டத்தைத் தாண்டி நகர முடியாது. பியூகிளில் 'லாஸ்ட் போஸ்ட்' தொடங்கும்போது முன்னாள் வீரர் கிளைகளின் கொடிகள் தரை நோக்கித் தாழும். 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். 'ரெவெய்லி' ஒலித்ததும் கொடிகள் நிமிரும். பைப்பரின் இரங்கல் மெட்டும் மலர்வளையங்களும் எந்த வரிசையில் வரும் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

வளையம் வைக்கச் சொன்னால், இரண்டு கையாலும் பிடித்து நேராக நடந்து, குனிந்து வைத்து, ஓரடி பின்வாங்கி நின்று தலை தாழ்த்திவிட்டுத் திரும்புங்கள். சல்யூட் சீருடைக்காரர்களுக்கு உரியது. வளையத்தைத் தூணில் சாய்க்காதீர்கள், காற்றில் உருண்டோடும்.

சட்டையில் குத்தும் பாப்பி மலர் ஸ்காட்லாந்தில் வேறு: நான்கு இதழ், இலை கிடையாது. 1926இல் ஹெய்க் சீமாட்டி எடின்பரோவில் தொடங்கிய பட்டறையிலிருந்து வருவது. லண்டனில் வாங்கிய இலை வைத்த பாப்பியைக் குத்திக்கொண்டு போனால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள்.

டண்டீயில் செப்டம்பர் 25 அன்று குன்றின் மேல் தீ எரிவது எதற்கு?

1915இல் அந்த நாளில் தொடங்கிய லூஸ் போருக்காக. பிளாக் வாட்ச்சின் 4ஆவது பட்டாலியன் முழுக்க முழுக்க டண்டீக்காரர்கள். சணல் ஆலைத் தொழிலாளர்கள், குமாஸ்தாக்கள், பத்திரிகைக்காரர்கள் என்று ஒரே ஊர். 'டண்டீயின் சொந்தப் படை' என்றே பெயர். தாக்குதலுக்குப் போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். அருகருகே வசித்தவர்கள் அருகருகே விழுந்ததால், தந்தி வராத தெரு இல்லை. அதனால்தான் ஊர் நடுவே இருக்கும் லா குன்றின் நினைவுத் தூணில் அந்த நாள் மாலையில் விளக்கேற்றுகிறார்கள்.

டாட்டூவுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. ரெஜிமென்ட்டுக்கும் ஊருக்கும் இருக்கும் உறவைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்குப் போங்கள். மேலே காற்று கடுமையாக இருக்கும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்.

எடின்பரோ டாட்டூ பார்க்கத் தகுந்ததா?

தகும். 1950 முதல் ஆகஸ்டில் மூன்று வாரம் கோட்டை முற்றத்தில் நடக்கிறது. மழைக்கு நிற்காது. குடை விரித்தால் பின்வரிசையினர் சண்டைக்கு வருவார்கள், மழையங்கிதான் வழி. ஆனால் அது பல நாட்டுக் குழுக்கள் பங்கேற்கும் காட்சி நிகழ்ச்சி. பிளாக் வாட்ச்சைப் பார்க்கலாம் என்று மட்டும் எண்ணி டிக்கெட் வாங்க வேண்டாம்.

மட்டக் குதிரை ஒன்று ராணியின் பூவைத் தின்றதாமே?

2017இல் ஸ்டர்லிங் கோட்டையில் ராணியின் கையிலிருந்த பூச்செண்டைக் கடிக்கப் போனது. குருஹான் என்ற ஷெட்லண்ட் மட்டக் குதிரை, ரெஜிமென்ட்டின் அடையாள விலங்கு. பிளாக் வாட்ச் வழி வந்ததில்லை, ஆர்கைல் ரெஜிமென்ட்டிலிருந்து வந்த சொத்து.

சிப்பாய்களின் குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன?

இன்வெர்னஸ் அருகே கடலுக்குள் நீண்டிருக்கும் ஃபோர்ட் ஜார்ஜ் கோட்டையில் பட்டாலியன் 2007இல் குடியேறியது. 1769இல் கட்டி முடித்த கோட்டை. மதிலில் நின்றால் டால்ஃபின் தெரியும். வெளியாருக்கு அழகு. ஆனால் டண்டீயில் அம்மா வீடு உள்ள இளம் மனைவிக்கு அது இரண்டரை மூன்று மணி நேரத் தூரம்.

கணவரோ மனைவியோ வெளிநாட்டுப் பணிக்குப் போனால் பட்டாலியனின் நலத்துறை அதிகாரியின் அலுவலகம்தான் பிடிமானம். பெரும்பாலும் அடிமட்டச் சிப்பாயாகச் சேர்ந்து உயர்ந்தவரே அந்தப் பொறுப்பில் இருப்பார், எனவே எல்லாக் குடும்பத்தையும் தெரியும். குழந்தைகள் விளையாட்டுக் குழு, காபிச் சந்திப்பு, அவசரப் பயணம், கடன் தொல்லை எல்லாம் அங்கேதான் வரும்.

ராணுவக் குடியிருப்பைக் காலி செய்யும் பரிசோதனைக்கு 'மார்ச் அவுட்' என்று பெயர். மாட்டிக்கொள்ளும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான்: சமையல் ஓவன் கதவின் உட்பக்கக் கண்ணாடி, குளியலறை விசிறியின் தூசி, குழாய் வாயில் சுண்ணாம்புப் படிவு, சுவரில் ஆணித் துளை. குடிவந்த அன்றே இருந்த சேதத்தைப் படமெடுத்து, குறிப்பிட்ட கெடுவுக்குள் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவர் முன்னே இருந்தவர் அடித்த ஆணிக்கும் காசு கட்டுவார்.

பணியிலிருந்து திரும்பியதும் பெர்த், டண்டீ போன்ற ஊர்களில் வரவேற்பு அணிவகுப்பு. நகரின் சுதந்திரம் என்ற கௌரவம் பெற்ற ரெஜிமென்ட், முரசு முழங்க, கொடி பறக்க, துப்பாக்கிமுனையில் ஈட்டி செருகி நடக்கலாம்.

தமிழ்நாட்டோடு, இலங்கையோடு இந்த ரெஜிமென்ட்களுக்குத் தொடர்பு உண்டா?

உண்டு, நெருக்கமாகவே. ஆனால் எண்கள் குழப்பும். 1780இல் மதராஸில் வந்திறங்கிய மக்லியாட் பிரபுவின் ஹைலேண்டர்களுக்கு அப்போது எண் 73. காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் அந்த வருடம் செப்டம்பரில் ஹைதர் அலி, திப்புவின் படைகளிடம் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படை அழிந்தபோது அவர்களில் இரண்டு கம்பெனிகள் அதில் இருந்தன. பிடிபட்ட அதிகாரி டேவிட் பெயர்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பல ஆண்டுகள் சிறையிருந்தார். 1781 ஜூலை 1 பறங்கிப்பேட்டைப் போரில் அதே ஹைலேண்டர்களின் பைப்பரைக் கண்டு மகிழ்ந்த தளபதி அயர் கூட், வெள்ளிப் பைப் வாங்கித் தந்ததாக ரெஜிமென்ட் மரபு. இவர்கள் 1786இல் 71ஆவது எண் பெற்றார்கள். இன்றைய 2ஆவது பட்டாலியனின் முன்னோர் இவர்கள், பிளாக் வாட்ச்சின் முன்னோர் அல்லர்.

அதே 1786இல் பிளாக் வாட்ச்சின் இரண்டாம் பட்டாலியனைத் தனி ரெஜிமென்ட்டாக்கி, காலியான 73 என்ற எண்ணை அதற்குக் கொடுத்தார்கள். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை ஏறியவர்களில் இந்த 73 இருந்தது. தாக்குதலை நடத்தியவர், அங்கேயே சிறையிருந்த அதே பெயர்டு. பின்னர் 1814 முதல் 1821 வரை இலங்கையில் இருந்து, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1817–18 ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சியை ஒடுக்குவதில் பங்கெடுத்தது. கிராமங்களையும் வயல்களையும் எரித்த நடவடிக்கை அது. ரெஜிமென்ட் பெருமைப் பட்டியல்களில் அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். 1881இல் 73 மறுபடி பிளாக் வாட்ச்சோடு சேர்ந்தது. ஆவணத்தில் '73ஆவது ஹைலேண்டர்கள்' என்று கண்டால் வருடத்தைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

இன்று வெளிநாட்டவர் சேரலாமா?

காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் விண்ணப்பிக்கலாம். பிரிட்டனில் ஐந்து ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2018இல் நீக்கினார்கள். ஆனால் எந்த வருடம் எத்தனை பேர் என்பது மாறிக்கொண்டே இருக்கும். பிளாக் வாட்ச்சில் ஃபிஜிக்காரர்கள் பலர் சேர்ந்தார்கள். ரக்பி அணியும் தேவாலயப் பாட்டும் அவர்களால் எடுப்பாயின. சேருமுன் கணக்குப் பார்க்க வேண்டியது குடும்ப விசா. அதற்கான குறைந்தபட்ச வருமான வரம்பும் கட்டணமும் இளம் சிப்பாய்ச் சம்பளத்துக்குக் கடினம்.

தாத்தா பிளாக் வாட்ச்சில் இருந்தார். எங்கே தேடுவது?

அருங்காட்சியகம் பெர்த்தில் பால்ஹௌசி கோட்டையில் இருக்கிறது. பலர் ஃபோர்ட் ஜார்ஜுக்குப் போய் ஏமாறுகிறார்கள். அங்கே இருப்பது வேறு ஹைலேண்ட் ரெஜிமென்ட்களின் அருங்காட்சியகம்.

போகுமுன் பணி எண்ணைக் கண்டுபிடியுங்கள். பதக்கத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள், முதல் உலகப் போர்ப் பதக்கங்களில் எண்ணும் பெயரும் ரெஜிமென்ட்டும் பொறித்திருக்கும். அந்தப் போரின்போது எண்கள் பட்டாலியன் வாரியாக இருந்ததால், ஒரே எண் பலருக்கு இருக்கும். பகுதிநேரப் படையான டெரிட்டோரியல் பட்டாலியன்களுக்கு 1917இல் புதிதாக ஆறிலக்க எண் கொடுத்தார்கள், எனவே ஒருவருக்கே இரண்டு எண் இருக்கலாம். 1920க்குப் பிறகு எளிது: பிளாக் வாட்ச்சுக்கு ஒதுக்கிய தொகுப்பு 2744001 முதல் 2809000 வரை. அதற்கு வெளியே எண் இருந்தால் அவர் பெரும்பாலும் முதலில் வேறு படைப்பிரிவில் சேர்ந்து மாற்றலாகி வந்திருப்பார்.

முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் பணிக் கோப்புகளில் பெரும்பகுதி 1940இல் லண்டன் குண்டுவீச்சில் எரிந்துபோனது. கோப்பு கிடைக்கவில்லை என்றால் பதக்க அட்டை, பட்டாலியனின் போர் நாட்குறிப்பு, உள்ளூர்ப் பத்திரிகை என்ற வரிசையில் தேடுங்கள். போர் நாட்குறிப்பில் அதிகாரிகளின் பெயர்தான் இருக்கும். சாதாரணச் சிப்பாயின் பெயரும் சில சமயம் புகைப்படமும் கிடைப்பது டண்டீ, பெர்த் பத்திரிகைகளில்தான்.